ஒன் பை டூ கிடையாது

காபிக் கடைத் தொழிலில் காபி போடக் கற்றுக்கொள்ள ஒரு வாரம் போதும். சிரிக்கக் கற்றுக்கொடுக்கத்தான் ஹெட் ஆபீஸிலிருந்து ஆள் வர வேண்டியிருக்கும். நான் இரண்டையும் கற்றுக்கொண்டு பெங்களூரில் காலம் தள்ளியவன். தொண்ணூறுகளின் கடைசியில் காக்ஸ் டவுனில் ஒரே ஒரு கடையாக ஆரம்பித்தோம். பிறகு ஊர் முழுக்க முளைத்தோம், சென்னைக்கும் ஹைதராபாத்துக்கும் போனோம். நீங்கள் நினைக்கிற கம்பெனி இல்லை. இதற்கு இப்போது பெயரும் மாறிவிட்டது. ஆனால் கவுன்டருக்கு அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ நின்று நீங்களும் இதே அவதியைப் பட்டிருப்பீர்கள். அந்த உரிமையில்தான் சொல்கிறேன்.

வா, உக்காரு

எங்கள் முதலாளி கன்னடக்காரர், அதற்கு முன்னால் கட்டட கான்ட்ராக்டர். அவர் கட்டிய கட்டடத்தின் கீழ்த்தளம் காலியாகக் கிடந்ததால்தான் எங்கள் கடையே வந்தது என்று சொல்வார்கள். தமிழ் அவருக்கு நன்றாகப் பேச வரும். கற்றுக்கொண்டது கட்டட வேலைக்கு வந்த மேஸ்திரிகளிடமும் சித்தாள்களிடமும் வேலை வாங்கி வாங்கி. செங்கல் தூக்குகிறவர்களிடம் முதலாளி பேசுகிற தமிழில் 'ங்க' சேர்க்க வேண்டிய அவசியம் யாருக்கும் வந்ததில்லை. அதனால் அவர் தமிழில் உலகத்தில் எல்லோரும் 'நீ'தான். 'வாங்க' என்று ஒரு சொல் இருப்பதே அவருக்குத் தெரியாது.

கடை திறந்த முதல் வாரம் ராமநாதன் சார் வந்தார். ரிட்டயரான பேங்க் மேனேஜர், இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை, முகத்தில் லோன் கேட்டால் இல்லை என்று சொல்கிற களை. தமிழர் என்று தெரிந்ததும் முதலாளி வாயெல்லாம் பல்லாகி, "வா, உக்காரு. இன்னா வேணும் உனக்கு?" என்றார். கடை அப்படியே நின்றுவிட்டது. ராமநாதன் சார் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். காபி குடித்தார். பேப்பர் முழுவதையும் படித்தார். அவர் எழுந்ததும் நான் கதவு வரை ஓடிப்போய், முதலாளிக்குத் தமிழ் அவ்வளவுதான் சார், தப்பா நினைக்காதீங்க என்றேன்.

அவர் சொன்னது: "எங்கம்மா போனப்புறம் என்னை நீன்னு கூப்பிட ஆளே இல்லப்பா. நாளைக்கும் வரேன், அவரைக் கடையில இருக்கச் சொல்லு."

பட்டனில் இல்லாத காபி

சுகுணா என்னோடு அதே வாரம் வேலைக்குச் சேர்ந்தவள். ஆம்பூர்க்காரி, ஊர்க் கோடியில் அண்ணன் வீட்டில் இருந்தாள். நானும் அந்தப் பக்கம்தான் என்பதால் போகும்போதும் வரும்போதும் ஒரே பஸ். வாய் அதிகம், கை அதைவிட வேகம். மெஷினைத் துடைத்துக்கொண்டே மூன்று பேரோடு சண்டை போடுவாள்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. பெங்களூரில் இரண்டு பேர் ஒரு ஓட்டலுக்குள் நுழைந்து 'ஒன் பை டூ' என்றால் ஒரு காபியை இரண்டு கப்பில் பாதிப் பாதியாக ஊற்றித் தர வேண்டும். யாரும் அவர்களை ஏழை என்று நினைக்க மாட்டார்கள். அரை கப்தான் வேண்டும், ஆனால் அதைத் தனியாகக் குடிக்கப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். எங்கள் கடையோ கண்ணாடிக் கதவு, மெத்தை நாற்காலி, இங்கிலீஷ் பாட்டு என்று இருந்தது. ஒரு நாள் இரண்டு காலேஜ் பையன்கள் கவுன்டரில் வந்து தயங்கித் தயங்கி அதைக் கேட்டுவிட்டார்கள். பில் மெஷினில் அதற்குப் பட்டன் இல்லை. நான் பட்டனைத் தேடிக்கொண்டிருந்தபோதே சுகுணா இரண்டு கப்பை எடுத்து, இரண்டிலும் நுரை சரிசமமாக நிற்கிற மாதிரி ஊற்றிக் கொடுத்துவிட்டாள்.

முதலாளி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. இன்றைக்கு இவளுக்குச் சீட்டுக் கிழிந்தது என்று நான் நினைத்தேன். அவர் அவள் தலையில் செல்லமாகத் தட்டி இப்படிச் சொன்னார், "இந்த ஊரு உனக்குத்தான் தெரியுது. இது உன் கடை, நீ பாத்துக்கோ. நாளைக்குப் பெரிசானா இங்க நீதான் மேனேஜர்."

அவர் சொன்னதைச் சுகுணா அப்படியே நம்பினாள். அன்றிலிருந்து கடைசி பஸ்ஸைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டுவிட்டு, கதவைப் பூட்டி இரண்டு தடவை இழுத்துப் பார்த்த பிறகுதான் கிளம்புவாள். நான் முனகினால் அவள் பதில் தயாராக இருக்கும்: "உனக்கு இது வேலை, டோனி. எனக்குக் கடை."

சிரிப்புப் பயிற்சி

கடைகள் பெருகின. முதலாளி வைட்ஃபீல்டில் கண்ணாடி மாளிகை மாதிரி ஒரு ஆபீஸ் போட்டுக்கொண்டு அங்கே போய்விட்டார். அவருக்குப் பதிலாக எங்களுக்கு வந்து சேர்ந்தது ஒரு ட்ரெய்னர். பம்பாய்க்காரர். எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து, மேல் வரிசைப் பல் தெரிய வேண்டும், கீழ் வரிசை தெரியக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தார். வந்தவுடன் என்ன சொல்ல வேண்டும், காபி கேட்டால் அதோடு கேக் வேண்டுமா என்று எப்படிக் கேட்க வேண்டும், போகும்போது என்ன வாழ்த்துச் சொல்ல வேண்டும் எல்லாம் இங்கிலீஷில் எழுதி வந்திருந்தது. ஒரு எழுத்து மாறக் கூடாது. வாடிக்கையாளர் கேட்டதற்கு மறுகேள்வி கேட்கக் கூடாது. கடைசியாக, மெனுவில் இல்லாத அளவில் எதையும் ஊற்றக் கூடாது.

சுகுணா கையைத் தூக்கினாள். ஒன் பை டூ ஊற்றலாமா என்று கேட்டாள். அது என்ன என்று அவர் கேட்டார். அவள் விளக்கினாள். ஒரே காபியை ஏன் இரண்டு பேர் குடிக்க வேண்டும் என்று அவர் நிஜமாகவே புரியாமல் கேட்டார். அவள் மறுபடியும் விளக்கினாள். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, சின்ன சைஸ் என்று ஒன்று மெனுவில் இருக்கிறதே, இரண்டு சின்னது விற்கலாமே என்றார். பயிற்சி முடிந்து அவர் கிளம்பும்போது, சொல்லிக்கொடுத்த சிரிப்பை மேல் வரிசைப் பல்லோடு அப்படியே வைத்துக்கொண்டு சுகுணா தமிழில் சொன்னாள், "போய்ட்டு வா ராசா, உங்கூர்ல தனியாவே குடி."

அவருக்குத் தமிழ் தெரியாது. நன்றாகச் சிரிக்கிறாள் என்று பாராட்டிவிட்டுப் போனார்.

கல்யாண வீட்டு எக்ஸ்பிரஸோ

நம் ஊர்க் கல்யாணங்களில் எக்ஸ்பிரஸோ காபி என்று ஒன்று உண்டு. புஸ்ஸென்று சத்தம் போடுகிற மெஷினில் பாலைப் பொங்கவிட்டு, நுரைக்கு மேல் சாக்லேட் தூள் தூவித் தருவார்கள். எங்கள் கடையில் அதே பெயரில் இருந்ததோ பாலே இல்லாத, ஒரு மடக்குக் கஷாயம். வித்தியாசம் தெரியாமல் கேட்பவர்களிடம் சுகுணா, "கல்யாண வீட்டுல குடிப்பீங்களே, நொரையோட, அதுவா?" என்பாள். ஆமாம் என்பார்கள். பாலும் நுரையுமாக வேறொன்றைப் போட்டுக் கொடுப்பாள். எல்லோரும் சந்தோஷமாகப் போவார்கள். ட்ரெய்னர் வந்த பிறகு அந்தக் கேள்வியும் மறுகேள்விக் கணக்கில் சேர்ந்துவிட்டது.

பீன்யாவில் ஃபேக்டரி சூப்பர்வைசராக இருந்த ஒருவர் மகனுக்குப் பெண் பார்த்துவிட்டு, பேச்சு வார்த்தைக்காக இரண்டு வீட்டாரையும் எங்கள் கடைக்கு அழைத்து வந்தார். எல்லோருக்கும் எக்ஸ்பிரஸோ என்று கம்பீரமாகச் சொன்னார். கவுன்டரில் நான். எனக்குப் பக்கத்தில், சொல்லிக்கொடுத்தபடி செய்கிறோமா என்று பார்க்க மறுபடி வந்திருந்த ட்ரெய்னர், கையில் பேனாவோடு. நான் வாயை மூடிக்கொண்டு பில் போட்டேன். மேஜை நிறைய குட்டிக் கப்புகள் போய் இறங்கின. பெண்ணின் தகப்பனார் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார், கப்பைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார், பிறகு பையனின் அப்பாவைப் பார்த்தார்.

"பொண்ணு வீட்டுக்காரங்களுக்கு மருந்து மூடியிலதான் ஊத்திக் குடுப்பீங்களா சம்பந்தி? அதுவும் கசப்பா."

நல்ல நாளாகட்டும்

நடுவில் என்னை ஓர் ஆஸ்பத்திரிக் கிளைக்கு மாற்றினார்கள். ஆஸ்பத்திரியிலும் அதே சுவர் நிறம், அதே பாட்டு, அதே வசனம். மருந்துக் கவரோடும் எக்ஸ்ரே கவரோடும் வருகிறவர்களிடம் பல்லைக் காட்டி, கூட ஒரு சாக்லேட் கேக் எடுத்துக்கொண்டு கொண்டாடலாமே என்று கேட்க வேண்டும். அந்த வசனத்தைச் சொன்ன நாளெல்லாம் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. ஹெட் ஆபீஸுக்குச் சொன்னேன். வசனம் எல்லாக் கிளைக்கும் ஒன்றுதான் என்று பதில் வந்தது.

ஐசியூவில் மனைவியை வைத்திருந்த ஒருவர் தினமும் வருவார். கருப்புக் காபி வாங்கிக்கொண்டு, குடிக்காமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் காலையில் கண்கள் சிவந்து வந்தார். விஷயம் முடிந்துவிட்டது என்று பார்த்தாலே தெரிந்தது. அவர் காபி வாங்கவில்லை, தண்ணீர் பாட்டில் மட்டும் கேட்டார். எங்கள் ஏரியா மேனேஜர் கவுன்டருக்குள் நின்றுகொண்டிருந்தார். நான் பாட்டிலை நீட்டி, எழுதிக் கொடுத்ததை ஒப்பித்தேன், இந்த நாள் உங்களுக்கு இனிய நாளாக அமையட்டும் என்று.

அவர் கோபப்படவில்லை. என் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் படித்துவிட்டுக் கேட்டார், "ஆண்டனி, இதை நீ சொல்றியா, யாராவது சொல்ல வெக்கிறாங்களா?"

நாற்காலி

நான் காக்ஸ் டவுனுக்குத் திரும்பி வந்தபோது மெத்தை நாற்காலிகளைக் காணோம். அவற்றின் இடத்தில் முதுகு சாய முடியாத, கால் தரையில் படாத உயரமான மர ஸ்டூல்கள். சாய்ந்து உட்கார்ந்தால் ஆட்கள் நகர மாட்டார்கள், நகராவிட்டால் அடுத்த ஆள் உட்கார முடியாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பிளக் பாயின்ட்டுகளுக்கு மூடி போட்டாகிவிட்டது. காபிப் பொடியும் முன்பு மாதிரி வறுத்த வாசனையோடு மூட்டையில் வருவதில்லை, பாக்கெட்டில் வந்தது. கடைக்குள் காபி வாசனை குறைந்துபோனதால் அதற்கென்று ஒரு ஸ்பிரே அனுப்பினார்கள். நான் பொய் சொல்லவில்லை.

ராமநாதன் சார் அப்போதும் வந்துகொண்டிருந்தார். முட்டி வலியோடு ஸ்டூலில் ஏறுவதற்கு நானும் சுகுணாவும் ஆளுக்கொரு கை கொடுப்போம். ஒரு நாள் ஏறி உட்கார்ந்தவர் பேப்பரைப் பிரிக்காமலே இறங்கிவிட்டார். வழக்கமான காபியை எடுத்துக்கொண்டு வந்த என்னிடம், வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"உங்க முதலாளி என்னை உக்காருன்னாரு, வந்தேன். இந்த ஸ்டூல் எழுந்திருங்குது. அவர்கிட்ட சொல்லு டோனி, நான் எழுந்துட்டேன்னு."

எது வரைக்கும்

காக்ஸ் டவுன் கடைக்கு மேனேஜர் பதவி வந்தது. சுகுணாவுக்கு அது எவ்வளவு நாள் ஆசை என்று கடையில் கப் கழுவுகிறவர் வரை தெரியும். அவள் அண்ணனிடம்கூடச் சொல்லி வைத்திருந்தாள், தனி வீடு பார்க்கப் போகிறேன் என்று. கடைசியில் வந்து நின்றவர் எம்.பி.ஏ. படித்த நிகில் என்கிற வாலிபர். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை, பாவம், நல்ல மாதிரி. மேனேஜராக டிகிரி வேண்டும் என்பது விதி, சுகுணா பத்தாவது. அடுத்த தடவை பார்க்கலாம் என்று அவளிடம் சொன்னார்கள். டிகிரி அடுத்த தடவை மட்டும் தானாக எப்படி வந்து ஒட்டிக்கொள்ளும் என்று யாரும் சொல்லவில்லை.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளிடம், முதலாளியைப் போய்ப் பார், அவர் வாயால் சொன்னதுதானே என்றேன். அவள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"என் கடைன்னு சொன்னாரு. எது வரைக்கும்னு நான்தான் கேக்காம வுட்டுட்டேன்."

ருசி பார்க்க வந்தவர்கள்

வாடிக்கையாளர் மாதிரி ஆள் அனுப்பி எங்களை வேவு பார்க்கிற வழக்கம் எல்லாக் கம்பெனியையும் போல எங்களுக்கும் வந்தது. யார், எப்போது என்று தெரியாது. சந்தேகத்தில் நாங்கள் எல்லோரையும் பார்த்துப் பல்லைக் காட்டியதில் வந்தவர்கள்தான் பயந்திருப்பார்கள்.

கணவன் மனைவி மாதிரி ஒரு ஜோடி வந்தது. அந்த அம்மாள் கவுன்டரில் கையை ஊன்றிக்கொண்டு, ஒரு காபி, ஒன் பை டூ கிடைக்குமா, இவருக்கு அரை கப்புக்கு மேல் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றார். நிகில் கடையில் இல்லை. சுகுணா என்னைப் பார்க்கக்கூட இல்லை. இரண்டு கப்பை எடுத்து, பழையபடி நுரை சரிசமமாக நிற்க ஊற்றிக் கொடுத்தாள். அவர்கள் ரசித்துக் குடித்தார்கள். இப்படி ஒரு காபி குடித்து ரொம்ப நாளாகிறது என்று அந்த அம்மாள் அவள் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரம் ஹெட் ஆபீஸிலிருந்து அழைப்பு வந்தது: காபி பிரமாதம், உபசரிப்பு பிரமாதம், ஆனால் விதியை மீறியிருக்கிறாள், நேரில் வந்து பதில் சொல்ல வேண்டும்.

சுகுணா பயப்படவில்லை. கேட்கப்போவது முதலாளி, அவர் எதிரில்தான் முதல் ஒன் பை டூ ஊற்றியதே. நல்ல சேலை கட்டிக்கொண்டு, பஸ் மாறி வைட்ஃபீல்டுக்குப் போனாள். திரும்பி வந்தபோது கடைக்குள் வரவில்லை, வெளியே படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் ஏப்ரனோடு ஓடினேன். கத்தினாரா என்று கேட்டேன். கத்தவில்லை என்றாள். ஏசி போட்டாராம், காபி வரவழைத்தாராம், விதி எல்லோருக்கும் ஒன்று என்று பொறுமையாக விளக்கினாராம். சென்னையில் கிளை திறக்கப் போன இடத்தில் யாரோ அவருடைய தமிழைத் திருத்தியிருக்கிறார்கள்.

"உள்ள போனதும், 'வாங்க சுகுணா, நீங்க உக்காருங்க'ன்னாரு டோனி. அப்பவே தெரிஞ்சிபோச்சி, என் வேலை போச்சின்னு."

எங்கள் பாரம்பரியம்

சில வருஷம் கழித்துக் கடைகளில் கூட்டம் குறைந்தது. எங்கே தவறு என்று கண்டுபிடிக்க ஹெட் ஆபீஸ் வெளியிலிருந்து ஆட்களை அழைத்தது. அவர்கள் யோசித்து யோசித்து, கடைக்கு ஓர் ஊர் வாசனை வேண்டும் என்றார்கள். ஒரு நாள் எங்கள் சுவரில் பெரிய போஸ்டர் ஏறியது. ஒன்றோடொன்று ஒட்டிய இரட்டைக் கப்பு, மேலே ஒன் பை டூ, கீழே 'முதல் நாளிலிருந்தே எங்கள் பாரம்பரியம்'. பாதிப் பாதியாக ஊற்றுவது எப்படி என்று எனக்கு அரை நாள் பயிற்சி கொடுத்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருந்தார்கள்.

சுகுணா அப்போது பீன்யாவில் ஒரு ஃபேக்டரி கேன்டீனில் இருந்தாள். காக்ஸ் டவுனுக்கு ஏதோ வேலையாக வந்தவள் என்னைப் பார்க்க உள்ளே நுழைந்தாள். போஸ்டரைப் பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள். பிறகு நேராகக் கவுன்டருக்குப் போய், புதிதாகச் சேர்ந்திருந்த பெண்ணிடம் ஒன் பை டூ கேட்டாள். அந்தப் பெண் பல்லைக் காட்டி, "ஸாரி மேடம், ஒன் பை டூக்கு ரெண்டு பேர் வந்திருக்கணும்" என்றாள். நான் கவுன்டரை விட்டு வெளியே வந்து சுகுணாவின் பக்கத்தில் நின்றேன். "டோனி சார், ஸ்டாஃப் கணக்குல வராது" என்றாள் அந்தப் பெண். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, அப்படித்தான் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

சுகுணா சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. நானே இரண்டு கப்பில் ஊற்றி எடுத்துக்கொண்டு போய் ஒரு ஸ்டூலுக்கு முன்னால் மேஜையில் வைத்தேன். அவள் உட்காராமல் நின்றபடியே ஒரு பாதியைக் குடித்துவிட்டு, மற்ற பாதியை என் பக்கம் தள்ளினாள்.

"இது உங்க முதலாளிக்கு. 'நீ குடி'ன்னு சுகுணா சொன்னான்னு சொல்லு."

இத்தனை வருஷம் நின்றதில் நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான்: ஒரு கடை பெரிசாகிவிட்டதா என்று பார்க்கக் கிளைகளை எண்ண வேண்டியதில்லை, முதலாளி உங்களை என்றைக்கு 'நீங்க' என்கிறார் என்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தால் போதும்.